‘போட்டு வாறன்’ என்று சொல்லிப் புறப்படுகிறவர்களுக்கு

(மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் ஓராண்டு வெளிநாட்டில் தங்கிப் படிக்கப் புறப்படும் மாணவர்களும் பெற்றோரும் கூடியிருந்த அவையில், யாழ்ப்பாணத்தில், ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை.)



இதுவரை உங்களுக்கு எல்லோரும் போவதைப் பற்றித்தான் சொல்லியிருப்பார்கள். என்ன உடுப்பு எடுப்பது, குளிரை எப்படித் தாங்குவது, சாப்பிடாத இறைச்சியைத் தட்டில் வைத்தால் எப்படி மறுப்பது என்று. நான் திரும்பி வருவதைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். ஒரு வருஷம் உங்களைப் பிள்ளையாக வைத்திருந்த வீட்டின் வாசலில் நின்று எப்படி விடைபெறுவது என்பதுதான் என் பொருள். அதை நான் பிழையாகச் செய்தவன். பிழையைத் திருத்த எனக்கு நாற்பத்துநான்கு வருஷம் எடுத்தது.

1966 ஆவணியில், பதினேழு வயதில், இப்படியொரு திட்டத்தில் அமெரிக்கா போனேன். விஸ்கொன்சின் மாநிலத்தில் பால்மாடு வளர்க்கும் ஒரு குடும்பம். தகப்பன், தாய், என்னைவிட நான்கு வயது இளைய ஒரு மகள். கொக்குவிலில் புகையிலைத் தோட்டத்துக்கு நடுவில் வளர்ந்த எனக்கு மாடு புதிதல்ல. ஆனால் முழங்கால் அளவு பனிக்குள் நடந்துபோய் மாட்டுக்கு வைக்கோல் போடுவது புதிது. என் அம்மா ஒரு குட்டானில் பனங்கட்டி கட்டித் தந்திருந்தா. ஒரு கைக்குள் அடங்கும் ஓலைக் குட்டான். அந்தத் தாய் அதை மணந்து பார்த்தா, நுனி நாக்கில் வைத்துப் பார்த்தா, பிறகு கோப்பிக்குத் தொட்டுக்கொண்டா. மார்கழிக்குள் பனங்கட்டி முடிந்துவிட்டது. வெறும் குட்டானை எறிந்துவிட்டா என்றுதான் நினைத்தேன்.

1967 ஆனியில் புறப்படும் நாள் வந்தது. அந்த வட்டாரத்துப் பிள்ளைகளையெல்லாம் ஏற்றிக்கொண்டு போக ஒரு பஸ் வந்து நின்றது. பெட்டியை ஏற்றினார்கள். தகப்பன் கை கொடுத்தார். தங்கை அழுதுகொண்டு காருக்குள் இருந்தாள், இறங்கவில்லை. பஸ் படியில் ஒரு கால் வைத்துக்கொண்டு, அந்தத் தாயைப் பார்த்து, நம்முடைய வீட்டு வாசலில் எப்படிச் சொல்வோமோ அதை அப்படியே இங்கிலீஷில் பெயர்த்துச் சொன்னேன். ‘ஐ வில் கோ அன்ட் கம்.’

‘போட்டு வாறன்’ என்பது நமக்கு ஒரு மரியாதை. ‘போறன்’ என்று சொன்னால் அபசகுனம், கேட்கிறவர் வாயைப் பொத்துவார். பள்ளிக்கூடம் போகிறவனும் ‘போட்டு வாறன்’ என்பான், கொழும்புக்குப் போகிறவனும் ‘போட்டு வாறன்’ என்பான், கப்பலேறி மலாயாவுக்குப் போனவர்களும் அதைத்தான் சொல்லிப் போனார்கள். அவர்களில் எத்தனையோ பேர் அங்கேயே இருந்துவிட்டார்கள். ஆனால் அந்தத் தாய்க்கு இந்த வழக்கம் தெரியாது. என் வாயிலிருந்து வந்ததை வாக்காக எடுத்துக்கொண்டா. முகம் மலர்ந்து கேட்டா: ‘எப்போது?’

பஸ் கதவைச் சாத்திவிட்டார்கள். நான் பதில் சொல்லவில்லை.

இந்தத் திட்டங்கள் எங்கிருந்து வந்தன என்று பிள்ளைகள் தெரிந்திருக்க வேண்டும். வேற்று நாட்டுக்குப் போய் ஹோட்டலில் தங்காமல் ஒரு குடும்பத்தில் தங்கிப் பழக வேண்டும் என்ற முயற்சியை அமெரிக்கரான டொனால்ட் வாட் 1932-ல் தொடங்கினார். ஏ.எஃப்.எஸ். என்ற அமைப்பு முதலாம் உலகப்போரில் காயம்பட்டவர்களை ஏற்றிச் சென்ற அம்புலன்ஸ் ஓட்டிகளின் அமைப்பு. இரண்டு போர்களிலும் சிதைந்த உடல்களைச் சுமந்தவர்கள், இனி அடுத்த தலைமுறையாவது ஒருவர் வீட்டில் ஒருவர் இருந்து சாப்பிட்டுப் பழகட்டும் என்று, 1947-ல் 10 நாடுகளிலிருந்து 52 மாணவர்களை அமெரிக்க வீடுகளில் கொண்டுபோய் விட்டார்கள். 1951-ல் இன்னொரு திட்டத்தில் 75 ஜெர்மன் பிள்ளைகள் மிச்சிகனுக்கு வந்தார்கள். போர் முடிந்து ஆறு வருஷம்தான் ஆகியிருந்தது. மகனைப் போரில் பறிகொடுத்தவர்கள் நிறைந்த ஒரு நாட்டில், பகைநாட்டுப் பிள்ளைக்கு அறையைத் திறந்து, பாயை விரித்து, ‘இது உன் வீடு’ என்று சொன்னவர்களை நினைத்துப் பாருங்கள். அந்த வீடுகளில் ஒன்றுக்குத்தான் நீங்களும் போகிறீர்கள். ஏ.எஃப்.எஸ். போன்ற திட்டங்களில் உங்களை வைத்திருக்க அவர்கள் சம்பளம் வாங்குவதில்லை. அதனால் காசு கொடுத்துக் கணக்குத் தீர்த்து வர உங்களால் முடியாது.

இந்தக் குடாநாட்டுக்கும் இந்த அனுபவம் பழையது. 1816-ல் தெல்லிப்பழையில் காலூன்றிய அமெரிக்க மிஷன்காரர் தங்கள் சிறு பிள்ளைகளைக் கப்பலேற்றி அமெரிக்காவுக்கு அனுப்பினார்கள். பண்டத்தரிப்பில் 1822-ல் பிறந்த ஹென்றி மார்ட்டின் ஸ்கடர் என்ற பிள்ளை 1832-ல், பத்து வயதில், அப்படி அனுப்பப்பட்டவர். பண்டத்தரிப்பு மண்ணில் விளையாடிய பிள்ளைக்கு அமெரிக்காதான் வெளிநாடு. பிறகு 1844-ல் மருத்துவரான தகப்பனின் வழியில் தமிழ் மண்ணுக்கே, சென்னைக்கு, திரும்பினார்.

மானிப்பாயில் தமிழில் மேலைத்தேய மருத்துவம் கற்பித்த சாமுவேல் கிறீன் 1873-ல் இங்கிருந்து உடல்நலம் குன்றிப் புறப்பட்டார். மறுபடி வர முடியவில்லை. ஆனால் மசாசூசெட்ஸில் வூஸ்டர் என்ற தன் ஊரில் இருந்துகொண்டே தமிழ் மருத்துவ நூல் வேலையைத் தொடர்ந்தார். 1884-ல் இறந்தார். அவருடைய கல்லறைக் கல்லில் அவர் தமிழருக்கு மருத்துவ ஊழியர் என்று பொறித்திருக்கிறது. பிறந்த ஊரின் கல்லறையில், தான் விருந்தாளியாக வாழ்ந்த மக்களின் பெயரை எழுதிவைத்துக்கொண்டு படுத்திருக்கிறார். திரும்பி வர உடம்பு இடம் கொடுக்காதவன் விடைபெற்ற விதம் அது. எனக்கு அதைவிட நல்ல உதாரணம் தெரியாது.

தமிழில் ‘விடை’ என்ற சொல்லைப் பாருங்கள். கேள்விக்கு மறுமொழியும் விடை. புறப்படுவதற்கு அனுமதியும் விடை. அதை நாம் எடுப்பதில்லை, ‘பெறுகிறோம்’. வீட்டுக்காரர்தான் கொடுக்க வேண்டும். பொருநராற்றுப்படையில் இதை முடத்தாமக்கண்ணியார் எவ்வளவு நுட்பமாகப் பார்த்திருக்கிறார்! கரிகாலனிடம் நாள்கணக்காக உண்டு களித்த பொருநன், ஊருக்குப் போகலாம் என்று மெல்லச் சொல்கிறான். உரக்கச் சொல்லக் கூச்சம். அரசன், இவ்வளவு கெதியாகவா எங்களை விட்டுப் போகிறீர்கள் என்று கோபித்தவன் போல் பார்க்கிறான். பிறகு வாரி வழங்குகிறான், ஏழடி பின்னால் நடந்து வந்து வழியனுப்புகிறான். அந்தக் கோபப் பார்வையை நம் ஊரில் எந்த விறாந்தையிலும் காணலாம். ‘என்ன, வெளிக்கிட்டாச்சோ? நாங்கள் என்ன குறை வச்சனாங்கள்?’ இந்தக் கேள்வியில் அடங்கிய அன்பை அமெரிக்காவில் யாரும் இந்தச் சொற்களில் கேட்கமாட்டார்கள். கடைசி வாரத்தில் அந்த வீட்டில் சின்னச் சின்னச் சண்டை வரும். தங்கை காரணமில்லாமல் எரிந்து விழுவாள். தாய் உங்கள் அறையைப் பற்றிக் குறை சொல்லுவா. கரிகாலன் பார்த்த பார்வைதான் அது என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

பெற்றோரிடமும் ஒன்று சொல்ல வேண்டும். நான் திரும்பி வந்த முதல் மாதம், நித்திரையில் ‘மம்’ என்று கூப்பிட்டிருக்கிறேன். என் அம்மா கேட்டுக்கொண்டு பாயில் இருந்திருக்கிறா. காலையில் ஒன்றும் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை நல்லூருக்குக் கூட்டிக்கொண்டு போனா. அர்ச்சனைக்கு எங்கள் எல்லோருடைய பெயரும் நட்சத்திரமும் சொன்னா. கடைசியில் அந்த விஸ்கொன்சின் தாயின் பெயரையும் சொன்னா. ஐயர் நட்சத்திரம் கேட்டார். அம்மா ஒரு நொடி யோசித்துவிட்டு, தன்னுடைய நட்சத்திரத்தைச் சொன்னா. ரேவதி.

உங்கள் பிள்ளை திரும்பி வந்து இன்னொரு வீட்டை நினைத்து அழுதால், மனம் கோணாதேயுங்கள். பெற்றவளை மறந்து அழுகிறதில்லை. அம்மா என்று கூப்பிட இன்னொருவர் கிடைத்தார் என்றுதான் அழுகிறது.

அமெரிக்காவிலிருந்து அந்தத் தாய் எழுதிய கடிதம் ஒவ்வொன்றின் கடைசி வரியும் ஒன்றுதான்: எப்போது வருகிறாய்? முதல் இரண்டு வருஷம், படிப்பு முடியட்டும் என்று எழுதினேன். பிறகு வேலை, கலியாணம், பிள்ளைகள். ஓர் ஆசிரியனின் சம்பளத்தில் விமானச் சீட்டு நினைத்தும் பார்க்க முடியாது. அதை எழுத வெட்கம். நழுவி நழுவி எழுதினேன். 1983 ஆடிக் கலவரச் செய்தி அவர்களுடைய வானொலியிலும் போயிருக்கிறது. அந்த முறை கேள்வி மாறியிருந்தது. ‘இப்போதே வா, குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு வா, உன் அறை இருக்கிறது’ என்று எழுதியிருந்தா. 1988-ல் அவ இறந்த செய்தியை மகள் எழுதினாள். அந்த நாளில் நம்முடைய தபால் இருந்த நிலையில், கடிதம் என் கைக்கு வர மூன்று மாதமாயிற்று.

விடை பெறாமல் போகிறவர்களின் காலம் ஒன்று இந்த மண்ணுக்கு வந்தது. 1974-ல் திருநெல்வேலியில் யாழ்ப்பாண வளாகம் திறந்தபோது தெற்கிலிருந்து சிங்கள மாணவர்களும் வந்தார்கள். வளாகத்தைச் சுற்றியிருந்த வீடுகளில் சிலர் தங்கிப் படித்தார்கள். நம்முடைய புட்டும் சம்பலும் பழகினார்கள். 1977 ஆவணிக் கலவரத்தோடு போய்விட்டார்கள். அவர்களில் ஒரு பையனை வைத்திருந்த வீட்டு அம்மா, அந்தப் பையன் கொடியில் விட்டுப்போன சேட்டை மடித்து அலுமாரியில் வைத்திருந்ததை நான் என் கண்ணால் கண்டிருக்கிறேன்.

1990 ஐப்பசி 30. சோனகதெரு முஸ்லிம் மக்களை இரண்டு மணி நேர அவகாசத்தில் விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். என்னிடம் படித்த பிள்ளைகள் அதற்குள் இருந்தார்கள். முதல் நாள் கணக்குக் கொப்பியைத் திருத்தக் கொடுத்துவிட்டுப் போனவர்கள். கொப்பிகள் என் மேசையில் இருந்தன, பிள்ளைகள் இல்லை. நாம் அவர்களுக்கு விடை கொடுக்கவில்லை. தலைமுறை தலைமுறையாகப் பக்கத்தில் வாழ்ந்தவர்களை ஏழடி நடந்து வழியனுப்பவும் இல்லை, மறிக்கவும் இல்லை. இதை இந்த அவையில் சொல்லாமல் விடைபெறுதலைப் பற்றி நான் பேச முடியாது.

சரியாக ஐந்து வருஷம் கழித்து, 1995-ல், அதே ஐப்பசி 30. அந்த இரவு, படை நெருங்கி வர, வலிகாமம் முழுவதும் வெளிக்கிட்டது. மழை. நாவற்குழிப் பாலத்தை நோக்கி இலட்சக்கணக்கான சனம், ஒரு அடி வைத்தால் அடுத்த அடிக்குப் பத்து நிமிஷம். சைக்கிளில் உரப்பை, உரப்பைமேல் என் கடைக்குட்டி. விடிந்தும் நடந்து, தென்மராட்சி மீசாலையில் ஒரு படலையடியில் நின்றோம். ஒரு ஆச்சி வந்து படலையைத் திறந்தா. பெயர் கேட்கவில்லை, ஊர் கேட்கவில்லை. ‘பிள்ளையளை முதல்ல உள்ளுக்குக் கொண்டு வாங்கோ’ என்றா. அந்த வளவில் ஐந்து குடும்பம் இருந்தோம். ஒரு கிணறு, ஒரு குசினி, மூன்று அடுப்பு.

1996 சித்திரையில் தென்மராட்சிக்கும் படை வந்தது. சனம் வலிகாமத்துக்குத் திரும்பத் தொடங்கியது. ஒரு காலை, பாதை திறந்திருக்கு, இப்ப போனால் போகலாம் என்றார்கள். ஆச்சி வரணியில் தங்கச்சி வீட்டுக்குப் போயிருந்தா. காத்திருக்கப் பயம். அடுப்படியைக் கூட்டி, திறப்பைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு வெளிக்கிட்டோம். ஆறு மாதம் சோறு பகிர்ந்த வீட்டிலிருந்து சொல்லாமல் வந்தேன். விஸ்கொன்சினில் சொல்லக்கூடாததைச் சொல்லிவிட்டு வந்தேன். மீசாலையில் சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் வந்தேன்.

2000 வைகாசியில் எல்லாம் தலைகீழாயிற்று. சண்டை தென்மராட்சிக்குள் வந்தது. அந்தச் சனம் வலிகாமத்துக்கும் வடமராட்சிக்கும் ஓடி வந்தது. பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாக, கோயில் மடம் மடமாகச் சைக்கிளில் தேடினேன். நாலாம் நாள், ஒரு வகுப்பறையில், வாங்குகளை ஒதுக்கிய மூலையில், ஆச்சியும் மகளும் பேரப்பிள்ளைகளும். என்னைக் கண்டதும் ஆச்சி கேட்ட முதல் கேள்வி, ‘கடைக்குட்டி வளந்திட்டுதோ?’

இரண்டு வருஷம் எங்கள் வீட்டில் இருந்தார்கள். 2002 மாசியில் போர்நிறுத்தம் வந்தது. சாவகச்சேரிச் சந்தை இடிந்து கிடந்தது, ஆச்சியின் வீட்டுக்குக் கூரை இல்லை. என்றாலும் போகவேண்டும் என்றா. விடைபெறுவது எப்படி என்று ஐம்பத்துமூன்று வயதில் நான் பார்த்துப் படித்தது அப்போதுதான்.

மூன்று நாள் எடுத்தா. முதல் நாள், அயலில் இரவல் வாங்கிய சாமான்களைத் தேடி எடுத்தா. ஒரு சருவச்சட்டி, ஒரு சுளகு, இரண்டு கிண்ணம். வெறும் பாத்திரம் திருப்பக்கூடாதென்று ஒவ்வொன்றிலும் ஏதாவது போட்டா. ஒரு பிடி அரிசி, நாலு முருங்கைக்காய். இரண்டாம் நாள், ஒழுங்கையில் இருந்த ஒவ்வொரு படலையிலும் நின்று கதைத்தா. எங்களோடு முகம் கொடுக்காத வீடு ஒன்று இருந்தது, அங்கும் போனா. மூன்றாம் நாள் விடிய எழும்பி, கிணற்றடியைத் தேங்காய்ப் பொச்சால் உரஞ்சிக் கழுவினா. தாங்கள் படுத்த அறையைக் கூட்டி மெழுகினா. குளித்துவிட்டுச் சாமியறையில் விளக்கு ஏற்றினா. வீட்டில் சின்னவர்களைத் தனித்தனியாகக் கூப்பிட்டு, ஒவ்வொருவருக்கும் ஏதோ காதில் சொன்னா. என்ன சொன்னா என்று இன்றுவரை என் பிள்ளைகள் சொன்னதில்லை. கடைசியாக என் முன்னால் வந்து கதிரையில் இருந்தா.

‘தம்பி, நான் ஏதும் வாய் தவறிச் சொல்லியிருந்தா மனசில வச்சிருக்காதேங்கோ’ என்றா.

நான் பேச முடியாமல், ‘ஆச்சி, அண்டைக்கு நான் சொல்லாமல் வந்திட்டன்’ என்றேன். ஆறு வருஷம் தொண்டைக்குள் கிடந்த சொல்.

ஆச்சி சிரித்தா. ‘வரணியால வந்து பாத்தனான். அடுப்புச் சாம்பல் அள்ளிக் கூட்டிக் கிடந்தது. பிள்ளையள் ஒழுங்காத்தான் வெளிக்கிட்டிருக்குதுகள் எண்டு நினைச்சன்.’

பிறகு எழும்பி, ‘போட்டு வாறன்’ என்றா. மூன்று கிழமை கழித்து, ஒரு வெள்ளிக்கிழமை, பஸ்ஸில், மடியில் ஒரு பலாப்பழத்தை வைத்துக்கொண்டு வந்து இறங்கினா. தென்மராட்சிப் பலா. எங்கள் வீட்டு மணம் இரண்டு நாள் போகவில்லை. அதன்பிறகும் வந்தா, கால் நடக்கும்வரை வந்தா.

பிள்ளைகளே, கடைசி நாள் பஸ் படியில் நின்று விடைபெற முடியாது. ஒரு மாதம் முன்னதாகவே தொடங்க வேண்டும். இரவல் வாங்கியதைத் திருப்புங்கள். மனத்தாங்கல் உள்ளவரிடமும் போங்கள். அந்த வீட்டுச் சின்னவரைத் தனியே கூப்பிட்டுச் சொல்லுங்கள், அவருக்கு இது உங்களைவிடப் பெரிய இழப்பு. அறையை நீங்களே கூட்டுங்கள். ஒருவரும் உங்களிடம் கேட்கமாட்டார்கள். அதனால்தான் செய்ய வேண்டும்.

என் பெரிய மகன் ரொறன்ரோவில் இருக்கிறான். 2011 ஆனியில் அங்கே போனபோது, அவன் என்னைக் காரில் ஏற்றிக்கொண்டு எல்லை கடந்து விஸ்கொன்சினுக்குக் கூட்டிப்போனான். மாட்டுக்கொட்டில் இல்லை. வீடு இருந்தது. தங்கை இருந்தாள், ஐம்பத்தெட்டு வயது, தாயின் முகம். மேசைக்குத் தேநீர் கொண்டுவந்தவள், கூடவே தாயின் தையல் பெட்டியையும் கொண்டுவந்து திறந்தாள். உள்ளே என் அம்மா கட்டித் தந்த குட்டான். ஓலை கறுத்து, விளிம்பு பிரிந்து, ஆனால் வடிவம் குலையாமல். அதற்குள் ஊசிகள். நாற்பத்துநான்கு வருஷம் தாயும் மகளும் அதிலிருந்துதான் ஊசி எடுத்திருக்கிறார்கள். ‘கொண்டு போகிறாயா?’ என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். பையில் ஊரிலிருந்து கொண்டுவந்த புதுக் குட்டான் ஒன்று, பனங்கட்டியோடு, இருந்தது. அதைப் பக்கத்தில் வைத்தேன். தாயைப் போலவே முதலில் மணந்து பார்த்தாள்.

மூன்று நாள் இருந்தோம். தாய் தகப்பனின் கல்லறைக்குப் போய்ப் புல் பிடுங்கினேன். அறையைக் கூட்டினேன், மகன் விளங்காமல் பார்த்தான். புறப்படும் காலை, கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு நின்று, அந்தப் பழைய இங்கிலீஷிலேயே சொன்னேன். அவளுக்கு அது ஞாபகம் இருந்தது. தாய் எத்தனை முறை சொல்லிக் காட்டியிருப்பாவோ. உடனே கேட்டாள்: ‘எப்போது?’

‘அடுத்த வருஷம், ஆனி’ என்றேன்.

போனேன்.